நிலத்தின் நாடி பார்த்த ஓல்டாம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

பொறுமைக்கு நிலத்தை உவமை சொல்வது நம் மரபு. அந்த நிலமே பொறுமை இழந்து நடுங்குவதும், நெருப்பைக் கக்குவதும், கடலைக் கரையேற்றுவதும் உண்டு. அவ்வேளைகளில் அதன் நாடி பிடித்துப் பார்த்த அறிஞர்களுள் முன் நிற்பவர் ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம்.

1858ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். இவர் தந்தை தாமஸ் ஓல்டாம், 1851இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர். 1878இல் தந்தை மறைந்தார். மறு ஆண்டே மகன் அதே துறையில் சேர்ந்தார். இந்திய நிலநடுக்கங்களைப் பற்றித் தந்தை திரட்டி வைத்திருந்த பட்டியலைச் செப்பனிட்டு 1883இல் வெளியிட்டார். பிறர்க்கு நிலபுலன் தந்தைவழிச் சொத்தாகும். இவருக்கோ நிலநடுக்கமே சொத்தாயிற்று!

1881 டிசம்பர் 31ஆம் நாள் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கருகே கடலடியில் நிலம் நடுங்கியது. சென்னையிலும் அதிர்வு உணரப்பட்டது. வங்கக் கடலைச் சுற்றி எட்டு இடங்களில் இருந்த கடல்மட்டம் பதியும் கருவிகள் அப்போது எழுந்த அலைகளை வரைந்து காட்டின. அவ்விடங்களுள் நம் நாகப்பட்டினமும் ஒன்று. அலையின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு, கரை தப்பியது. ஓல்டாம் அந்த நடுக்கத்தை ஆராய்ந்து 1884இல் எழுதினார். அடுத்த ஆண்டு அந்தமானின் நில அமைப்பைப் பற்றியும் எழுதினார்.

1897 ஜூன் 12ஆம் நாள் அசாமைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ஷில்லாங்கின் கல் கட்டடங்கள் தரைமட்டமாயின. ஓல்டாம் அந்நடுக்கத்தை விரிவாக ஆராய்ந்து, 1899இல் பேரறிக்கை வெளியிட்டார். நிலம் பிளந்து ஒரு பக்கம் முப்பத்தைந்து அடி வரை உயர்ந்த இடத்தையும் அதில் விவரித்தார். தொலைவிலுள்ள ஐரோப்பியக் கருவிகளின் பதிவுகளை ஒப்பிட்டு, நிலநடுக்க அலைகள் மூவகை என வேறுபடுத்திக் காட்டினார். 1903இல் ஓய்வு பெற்றபின்னும் சிந்தனை ஓயவில்லை. உலகின் மறுபக்கத்துக்கு அலைகள் தாமதமாக வருவதைக் கொண்டு, பூமிக்குள் தனியே ஒரு கருப்பகுதி உண்டென 1906இல் நிறுவினார். பூமியைத் தோண்டாமலே அதன் நெஞ்சைக் கண்ட இப்பெரியார் 1936இல் மறைந்தார்.

இவர் ஆராய்ந்த அந்தமான் கடலடியில் என்ன நிகழ்கிறது? இந்திய நிலத்தட்டு அங்கே மற்றொரு தட்டின் அடியில் நுழைகிறது. தட்டுகள் சிக்கித் திடீரென விடுபட்டால் நிலநடுக்கம். ஆழத்தில் பாறை உருகி மேலெழுந்தால் எரிமலை. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டரில் உள்ள பாரன் தீவு இவ்வாறு பிறந்த எரிமலையே. ஏறக்குறைய இரு நூற்றாண்டு உறங்கி 1991இல் விழித்தது; 2005இல் மீண்டும் குமுறியது. நம் சிறுமலையோ எரிமலையன்று; அது மிகப் பழைமையான உறுதிப் பாறை. ஆனால் நம் கீழைக் கடற்கரைக்கு அந்த உறுதி காவலாகாது. எரிமலையினும் அதை ஈன்ற அந்தக் கடலடிப் பிளவே கரைக்குப் பெரிய அச்சம்.

2004 டிசம்பர் 26 அதை மெய்ப்பித்தது. சுமத்திராவிலிருந்து அந்தமான் வரை நீண்ட பிளவு விடுபட்டது. அலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இருந்தும் சொல்வார் இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1881ஆம் ஆண்டின் சான்று ஏட்டில் இருந்தது. கரையில் வாழ்ந்தவர் காதுக்கு எட்டவில்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தது 2007இல்தான்.

என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நம்மில் பலரும் அப்படியே. ஏட்டில் உள்ளதை ஏடறியாதவர்க்கு எடுத்துச் சொல்லும் கடமை நம்முடையது. நிலம் நடுங்கினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ மேட்டுக்கு ஓடவேண்டும் என்று கரையோர உறவினர் ஒருவருக்கேனும் சொல்லிவைப்போம். ஓல்டாமுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.