மண்கும்பானில் ஒரு பள்ளிவாசல்

வேலணைத் தீவிலே, சைவக் குடும்பங்கள் பெரும்பான்மையாக வாழும் மண்கும்பானில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. அது அங்கே எப்படி வந்தது என்று தேடிப் போனால் ஒரு பெயரில் வந்து நிற்போம்: முஹம்மது ரஹீம் பாவா முஹையத்தீன் (ரஹ்) அவர்கள்.

பாவா அவர்கள் பிறந்த ஆண்டுக்குப் பதிவு எதுவும் இல்லை. 1940களில், காட்டில் தனித்திருந்த அவரை யாத்திரை போன மக்கள் கண்டு தங்கள் ஊருக்கு அழைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசிரமம் உருவானது. அதற்குத் தெற்கே கமமும் செய்தார். அந்த நாட்களில் அவரைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் சைவர்கள். சுவாமி என்றே அவரை அழைத்தார்கள். நோயோடும் மனக்கவலையோடும் வந்தவர்களுக்கு முதலில் சாப்பாடு, பிறகுதான் பேச்சு. சமைப்பதும் பல நேரம் அவரேதான்.

அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவரிடம் இருந்தது பேச்சுத் தமிழ் மட்டுமே. கேட்பவர்களுக்குத் தெரிந்த புராணக் கதையை எடுப்பார்; அதற்குள்ளேயே பெருமையையும் கோபத்தையும் அடக்குவது எப்படி என்று காட்டி, அல்லாஹ் ஒருவனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார். யாரையும் பெயரை மாற்று, மதத்தை மாற்று என்று அவசரப்படுத்தவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தப் பொறுமைதான்.

மண்கும்பான் பள்ளிவாசலும் பொறுமையாகவே எழுந்தது. 1950களில் தொடங்கிய வேலை, யாழ்ப்பாணத்து அடியார்களோடு அமெரிக்காவிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து மண்ணும் கல்லும் சுமந்து, 1975 பெப்ரவரி 17ஆம் திகதி திறப்பு விழாவில் முடிந்தது. ஈஸா நபி (அலை) அவர்களின் தாயார் மர்யம் (அலை) அவர்களின் நினைவோடு அது கட்டப்பட்டது. ஒரு பெண்ணின் நினைவாக எழுந்த பள்ளிவாசல் எங்கள் குடாநாட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பது நம் மாணவிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அமெரிக்கர்கள் எப்படி வந்தார்கள்? 1971 ஒக்டோபரில் பாவா அவர்கள் பிலடெல்பியா நகருக்குப் போனார். அங்கும் தமிழில்தான் பேசினார். பக்கத்திலிருந்தவர்கள் ஆங்கிலத்தில் சொன்னார்கள். முதலில் கதை, சில வருடங்கள் கழித்து திக்ர், அதன் பின்னரே ஐவேளைத் தொழுகை. 1984இல் முரீதுகள் தங்கள் கையாலேயே அங்கும் ஒரு பள்ளிவாசலைக் கட்டி முடித்தார்கள். மௌலானா ரூமியின் கவிதைகளை ஆங்கிலத்தில் தந்து உலகப் புகழ் பெற்ற கோல்மன் பார்க்ஸ் என்ற கவிஞரும் அவரிடம் வந்து போனவர். அந்த வேலையை விடாமல் செய்யச் சொன்னது பாவா அவர்கள்தான்.

1986 டிசம்பர் 8ஆம் திகதி அவர் வபாத்தானார். பென்சில்வேனியாவில் கோட்ஸ்வில் என்ற ஊருக்கு அருகே அவரது மஸார் உள்ளது. ஸியாரத்துக்குப் போவது பற்றி எங்கள் குடும்பங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அதை உலமாக்கள் பேசட்டும். நான் கவனித்தது வேறு. தனக்குப் பின் இன்னார்தான் ஷெய்க் என்று அவர் ஒருவரையும் நியமிக்கவில்லை. தலைவர் இல்லாவிட்டால் ஒரு கூட்டம் பத்து வருடத்தில் கலைந்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அவர் பேசியதையெல்லாம் ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார்கள். இன்றும் பிலடெல்பியாவில் அந்தக் குரலைப் போட்டுக் கேட்கிறார்கள். தமிழ் தெரியாத வெள்ளையரும் கறுப்பினத்தவரும் நம் தமிழின் ஓசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

இங்கேயும் அப்படித்தான். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஐவேளையும் பாங்கு ஒலித்த தெருக்கள் வெறிச்சோடின. அந்த வருடங்களிலும் பாவா அவர்களை நினைத்துக் கூடுவதற்கு இந்த மண்ணில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் திருநீறு பூசிய, அவரைச் சுவாமி என்றே அழைத்த அடியார்கள்.