உள்ளங்கையில் ஒரு மோட்டார்!

சவரம் செய்துகொள்ள வேண்டுமானால் கத்தியும் சோப்பும் தண்ணீரும் வேண்டும். அப்படிப்பட்ட காலத்தில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் கையடக்கமான சவரக் கருவி ஒன்றைச் செய்து காட்டினார். அதன் உள்ளே சின்னஞ்சிறு மோட்டார். அது ஓட உலர் பாட்டரி. மோட்டார் சுற்றினால் சவரம் நடக்கும்! அதற்கு 'ரேசன்ட்' என்று பெயர். ஜெர்மனியில் அது தயாராயிற்று.

அதைச் செய்தவர் கல்லூரியில் படித்தவர் அல்ல. பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவர். அவர்தான் ஜி.டி.நாயுடு.

மண்ணை எறிந்த மாணவன்

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அவர் பிறந்தார். விவசாயக் குடும்பம். சிறுவன் துரைசாமிக்குப் பாடம் கசந்தது. வாத்தியார் மீது மண்ணை வாரி எறிந்துவிட்டு ஓடியவன் என்று சொல்வார்கள். படிப்பு அத்தோடு நின்றது. தோட்ட வேலைக்குப் போனான்.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானாக ஓடுகிறது! துரைசாமி திகைத்து நின்றான். அதே போல் ஒரு வண்டி வாங்கியே தீருவது என்று முடிவு செய்தான்.

கோவைக்குப் போய் ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தான். மூன்று ஆண்டுகள் காசு சேர்த்தான். 300 ரூபாய் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினான்.

வாங்கியதும் என்ன செய்தான் தெரியுமா? ஊரைச் சுற்றவில்லை. திருகு திருகாக வண்டியைக் கழற்றினான்! சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. ஒரு பாகத்தை மாற்றிப் பூட்டிவிட்டால் மூன்று ஆண்டு உழைப்பும் பழைய இரும்புதான். ஆனால் எல்லாவற்றையும் மறுபடி பூட்டினான். வண்டி ஓடியது. அவனுக்கு அதுவே கல்லூரி.

பழனிக்குப் பஸ்

1920-ம் ஆண்டு அவர் பஸ் முதலாளி ஆனார். ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை பண உதவி செய்தார். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு முதல் பஸ் ஓடியது. பழனி அப்போது மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. நாயுடு தாமே பஸ்சை ஓட்டினார். பிறகு 'யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்' என்ற பெயரில் தொழில் வளர்ந்தது.

1937-ம் ஆண்டு கோவை பீளமேட்டில் இருந்த அவருடைய தொழிற்சாலையில் மின்சார மோட்டார் தயாராயிற்று. அதற்கு மூளையாக இருந்தவர் டி.பாலசுந்தரம் நாயுடு. தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குக் கோவை பேர் பெற அது ஒரு தொடக்கம்.

சிறிய மோட்டாரின் ரகசியம்

பெரிய மோட்டாரைச் செய்வது ஒரு வித்தை. கையில் அடங்கும் மோட்டாரைச் செய்வது வேறு வித்தை. சிறிய மோட்டாருக்குப் பலம் குறைவு. அந்தக் குறையை வேகத்தால் ஈடு கட்ட வேண்டும். கனம் கூடினால் கை வலிக்கும். சூடு ஏறினால் பிடிக்க முடியாது.

இன்று வீட்டுப் பட்டறைகளில் இருக்கும் சுழல் கருவிக்கும் இதே கணக்குத்தான். துளை போட, தேய்க்க, மெருகேற்ற, பித்தளையில் பெயர் வெட்ட உதவும் சிறு மெஷின் அது. நிமிடத்துக்கு 30,000 சுற்றுகூடச் சுற்றும்!

அதை வாங்கப் போகிறவர்கள் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. பேனாவைப் பிடிப்பதுபோல் கையில் பிடித்துப் பாருங்கள், கனம் தெரியும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி இருக்கட்டும். ஒரே வேகத்தில் ஓடினால் பிளாஸ்டிக் உருகும், மரம் கருகும். மெல்லிய முனை, தடித்த முனை இரண்டையும் அதன் வாய் இறுகப் பிடிக்க வேண்டும். நெடுநேர வேலைக்கு ஒயர் உள்ளது நல்லது. மின்சாரம் இல்லாத இடத்துக்கு பாட்டரி நல்லது. கார்பன் தேயும் வகையானால், புதிய கார்பன் உள்ளூரில் கிடைக்குமா என்று கேளுங்கள். முனையை மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். கண்ணாடி அணியாமல் ஓட்டாதீர்கள். பொறி கண்ணில் தெறிக்கும்.

கிடைக்காத லைசென்சு

நாயுடு எதையும் மலிவாகச் செய்ய வேண்டும் என்று பாடுபட்டார். 1952-ம் ஆண்டு இரண்டு பேர் போகும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய்தான்! ஆனால் சர்க்கார் லைசென்சு கிடைக்கவில்லை. கார் வீதிக்கு வராமலே நின்றது. சாமானியன் வீட்டு வாசலில் நின்றிருக்க வேண்டிய கார் அது.

கோவையில் தொழில் கல்லூரி தோன்றவும் அவரே காரணம். 1945-ம் ஆண்டு ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய அந்தக் கல்லூரியில், நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டே ஆண்டு போதும் என்று வாதாடினார். அதை ஏற்காததால் பதவியை விட்டு விலகினார். அக்கல்லூரி இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார்.

பள்ளிக்கூடம் தராத அறிவை ஒரு மோட்டார் சைக்கிள் அவருக்குத் தந்தது. அது வாங்கியதால் வந்த அறிவு அல்ல. கழற்றிப் பூட்டியதால் வந்த அறிவு. பிள்ளைகள் பழைய கடிகாரத்தையோ ரேடியோவையோ பிரித்துப் போட்டால் அடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பப் பூட்டச் சொல்லுங்கள்.