திருடிய சிறுவனுக்கு ஜெயிலா, பள்ளிக்கூடமா? யார் இந்த மேரி கார்பென்டர்?

சின்னப் பையன் ஒருத்தன் திருடி மாட்டிக்கிட்டா, இன்னிக்கு அவனைப் பெரியவங்க இருக்கிற ஜெயில்ல போட முடியாது. கூர்நோக்கு இல்லம், இளைஞர் நீதிக் குழுமம்னு தனி வழி இருக்கு. ஆனால் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சிறுவர்களும் பெரும்பாலும் பெரிய குற்றவாளிகள் இருந்த அதே சிறைக்குத்தான் போனார்கள். அந்த நிலை மாற முக்கியக் காரணமாக இருந்தவர் மேரி கார்பென்டர்.

சேரியில் தொடங்கிய பள்ளி

1807-ல் எக்சிட்டரில் பிறந்தவர். அப்பா மதபோதகர், பள்ளியும் நடத்தினார். அங்கே ஆண் பிள்ளைகளோடு சேர்ந்து லத்தீன், கிரேக்கம், கணிதம் படித்தார் மேரி. 1846-ல் பிரிஸ்டல் நகரின் லூயின்ஸ் மீட் பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார்.

என்ன சொன்னார்?

1851-ல் வெளியான அவரது புத்தகம் மூன்று வகைப் பள்ளிகளைக் கேட்டது. ஏழைகளுக்கு இலவசப் பள்ளி, தெருவில் திரியும் பிள்ளைகளுக்குத் தொழிற்பள்ளி, குற்றம் செய்தவர்களுக்குச் சீர்திருத்தப் பள்ளி. சொன்னதோடு நிற்கவில்லை. 1852-ல் கிங்ஸ்வுட்டில் சீர்திருத்தப் பள்ளியைத் திறந்தார். 1854-ல் கவிஞர் பைரனின் மனைவி வாங்கிக் கொடுத்த 'ரெட் லாட்ஜ்' கட்டடத்தில் சிறுமிகளுக்கென்று தனிப் பள்ளி வந்தது. தண்டனையை விட பாசம், படிப்பு, வேலைப் பயிற்சிதான் பிள்ளைகளை மாற்றும் என்பது அவரது நம்பிக்கை.

சட்டம் வந்தது, ஆனால்...

அதே 1854-ல் சிறார் குற்றவாளிகள் சட்டம் நிறைவேறியது. 16 வயதுக்குட்பட்டவர்களை 2 முதல் 5 ஆண்டுகள் வரை சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பலாம். ஆனால் அதில் ஒரு கொக்கி இருந்தது: முதலில் குறைந்தது 14 நாள் ஜெயிலில் இருந்தாகணும்! செஞ்ச தப்புக்கு முதல்ல தண்டனை, அப்புறம்தான் பள்ளி என்பது அன்றைய எண்ணம். ஜெயில் முத்திரை குத்திட்டு திருத்த முடியாது என்று மேரி கடைசி வரை இதை எதிர்த்தார்.

இந்தியாவுக்கும் வந்தார்

1866-ல், 59 வயதில் இந்தியா வந்தார், சென்னைக்கும் வந்தார். மொத்தம் நான்கு பயணங்கள். பெண் கல்வி, சிறைச் சீர்திருத்தம், சிறார் பள்ளிகள் வேண்டும் என்று அரசிடம் வலியுறுத்தினார். 1876-ல் இந்தியாவிலும் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது.

அடுத்த ஆண்டு, 1877-ல் மேரி காலமானார். அந்த ஜெயில் நிபந்தனை முழுசா நீங்கியது 1899-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.