இரு கல்லூரிகள் கண்ட பேராயர்

பிறந்த ஊரை விட்டு வந்த இடத்தில் ஒரு பொதுநிலையத்தை நிறுவி வளர்ப்பது எத்துணை அரிது என்பதை நம் சங்கத்தார் நன்கு அறிவோம். அப்பணியையே வாழ்நாள் முழுதும் ஆற்றிய அமெரிக்கப் பேராயர் பிலாண்டர் சேஸ் என்பாரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

நியூஹாம்ப்ஷயர் மாநிலத்துக் கார்னிஷ் என்னும் ஊரில் உழவர் குடும்பமொன்றில் 1775-ஆம் ஆண்டு பிறந்தார் சேஸ். டார்ட்மத் கல்லூரியில் பயில்கையில், ஆங்கிலத் திருச்சபையின் மரபில் வந்த எபிஸ்கோபல் திருச்சபையைத் தழுவினார், பின்னர்க் குருவானார். 1819-இல் ஒஹையோவின் முதற் பேராயரானார்.

அந்நாளில் ஒஹையோ குடியேறிகள் காடு திருத்தி வாழ்ந்த நாடு. கீழைக்கரையில் கற்ற குருமார் அங்கு வரத் தயங்கினர். அம்மண்ணின் இளைஞரையே பயிற்றக் கருதிய சேஸ், 1823-இல் பொருள் திரட்ட இங்கிலாந்து சென்றார். நியூயார்க்குப் பேராயர் ஹோபார்ட் அதனை எதிர்த்தார். எனினும் கெனியன் பிரபுவும் கேம்பியர் பிரபுவும் துணைநின்றனர். 1824-இல் கெனியன் கல்லூரி தோன்றியது. பின்னர் 8,000 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டுக் கேம்பியர் என்னும் ஊரும் எழுந்தது.

கல்லூரியின் எல்லாச் செயலிலும் சேஸின் கையே ஓங்கி நின்றது. ஆசிரியர்கள் அத்தனியதிகாரத்தை ஏற்கவில்லை. மனம் நொந்த சேஸ் 1831-இல் கல்லூரித் தலைமையையும் பேராயர் பதவியையும் ஒருங்கே துறந்து வெளியேறினார்.

1835-இல் இல்லினாய் நாடு அவரைப் பேராயராக ஏற்றது. அறுபதாம் வயதில் மீண்டும் இங்கிலாந்து சென்று பொருள் திரட்டினார். பியோரியா நகருக்கு அருகே மண்ணாலும் கழியாலும் ஆன குடிலில் குடும்பத்துடன் தங்கினார்; அதற்கு ராபின் பறவையின் கூடு எனப் பெயரிட்டார். 1839-இல் அங்கு ஜூபிலி கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். இம்முறை ஆட்சியைப் பிறர் கைக்கு விட அவர் இசையவில்லை. 1843 முதல் அமெரிக்க எபிஸ்கோபல் திருச்சபையின் தலைமைப் பேராயராகவும் விளங்கிய அவர், வண்டியினின்று விழுந்து காயமுற்று, 1852 செப்டம்பர் 20-ஆம் நாள் மறைந்தார்.

அவருக்குப்பின் ஜூபிலி கல்லூரியைத் தாங்குவார் இல்லை. கடனும் உள்நாட்டுப் போரும் நெருக்க, 1862-இல் அது மூடப்பட்டது. இன்று அதன் கட்டடம் வரலாற்றுச் சின்னமாக நிற்கிறது. அவர் விட்டுச் சென்ற கெனியன் கல்லூரியோ பலர் கையால் வளர்ந்து, அமெரிக்கக் குடியரசுத் தலைவராகிய ஹேய்ஸ் போன்றாரை ஈன்று, இன்றும் நடைபெறுகிறது.

சேஸின் உழைப்பு இரண்டிற்கும் ஒன்றே. எனினும் ஒருவர் மறைந்தபின் நிலைப்பது, அவர் வாழுங்காலத்தே பிறரிடம் ஒப்படைத்ததேயாகும். நம் சங்கத்தை நடத்தும் நாமும் இதனை நெஞ்சிற் கொள்வோமாக!