வாக்காளராகப் பதிந்த ஃபேனி லூ ஹேமர்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஏழைக் கறுப்பினக் குடும்பத்தின் 20ஆவது பிள்ளையாக 1917இல் பிறந்தவர் ஃபேனி லூ ஹேமர். ஆறு வயதிலேயே பருத்தி பறித்தார். தமக்கும் வாக்குரிமை உண்டு என அவர் அறிந்தபோது வயது 44.

1962 ஆகஸ்டு 31இல் வாக்காளராகப் பதியச் சென்றார். மாநில அரசமைப்புச் சட்டத்தின் ஒரு கடினமான பகுதியை விளக்கச் சொன்னார்கள். கறுப்பினத்தவரைத் தடுக்கவே அத்தகைய தேர்வு! அவரால் விளக்க இயலவில்லை. விண்ணப்பத்தை மீட்டுக்கொள்ளுமாறு தோட்ட முதலாளி வற்புறுத்தினார். ஹேமர் மறுத்தார். 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்தை விட்டு அன்றிரவே வெளியேற நேர்ந்தது.

அவர் சட்டத்தைப் படித்து, 1963 ஜனவரியில் வாக்காளரானார். ஆனால், வாக்குவரி கட்டிய இரசீது இல்லையென்று அவ்வாண்டு வாக்களிக்க விடவில்லை. 1964இல் நாடாளுமன்ற வேட்பாளராக நின்றபோது, தம் முதல் வாக்கைத் தமக்கே அளித்தார். 1971இல் மாநில மேலவைக்கும் போட்டியிட்டார், தோற்றார். 1977இல் மறைந்தார்.