மண்வெட்டி பிடித்த கட்டிடக் கலைஞர்

டால்ஸ்டாய் பண்ணை என்றதும் காந்தியடிகளே நம் நினைவுக்கு வருகிறார். அப்பண்ணைக்கு நிலம் ஈந்தவரும், அங்கு வளர்ந்த பிள்ளைகளுக்குத் தோட்ட வேலை கற்பித்தவருமான ஹெர்மன் கல்லென்பாக்கை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அண்மைக் காலம்வரை நானும் அறியேன்.

ஜெர்மானிய யூதக் குடும்பத்தில் 1871-இல் பிறந்தவர் அவர். கட்டிடக் கலை பயின்று, 1896-இல் தென்னாப்பிரிக்கா சென்று, ஜோகானஸ்பர்க் நகரில் பெரும்பொருள் ஈட்டினார். வீட்டு வாடகை நீங்கலாகத் தமக்கென மட்டும் மாதம் 1200 ரூபாய் செலவிட்டவர், காந்தியடிகளின் நட்புக்குப் பின் 120 ரூபாயில் வாழ்ந்தார் என்றால் அந்த மாற்றத்தை என்னென்பது!

சத்தியாக்கிரகிகள் சிறை புகுந்தபோது அவர்தம் குடும்பங்களைக் காக்கப் பணம் போதவில்லை. 1910-ஆம் ஆண்டு மே மாதம், ஜோகானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் லாலி ரயில் நிலையத்தருகே தாம் வாங்கிய 1100 ஏக்கர் நிலத்தை, வாடகையின்றிக் கல்லென்பாக் அவர்களுக்கு அளித்தார். ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள் அங்கு இருந்தன. ஆனால் ஊற்றோ ஐந்நூறு கஜத்துக்கு அப்பால்; காவடி கட்டித்தான் நீர் கொணர வேண்டும். வேலையாட்கள் கிடையாது.

இருபது முப்பது பிள்ளைகள் இருந்தனர். தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களிடையே உண்டு. சமையலறையில் வேலை இல்லாதார் அனைவரும், முதியோர் இளையோர் என்ற வேறுபாடின்றி, தோட்டத்தில் இறங்க வேண்டும் என்பது விதி. குழி வெட்டுவதும், மரம் வீழ்த்துவதும், சுமை தூக்குவதும் பெரும்பாலும் பிள்ளைகளின் பங்கு. மேற்பார்வை கல்லென்பாக்கினுடையது. அரசாங்க மாதிரித் தோட்டம் ஒன்றில் அவர் இத்தொழிலைக் கற்றிருந்தார். மேற்பார்வை என்றவுடன் நிழலில் நின்று கைகாட்டும் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். ஆசிரியர் செய்யாத வேலையை மாணவர் செய்யலாகாது. எந்த வேலையிலும் ஆசிரியர் ஒருவர் உடன் உழைக்க வேண்டும். இதுவே அப்பள்ளியின் சட்டம். ஆய்வுக்கூடத் தொட்டிச் செடிக்கு நீரூற்றவும் பணியாளரைத் தேடும் எனக்கு இதைப் படித்தபோது நாணமாயிருந்தது.

வீணாவது ஒன்றுமில்லை. கழிவுநீர் வாளிகளில் சேர்ந்து மரங்களுக்குப் போயிற்று. காய்கறித் தோலும் எச்சிற் சோறும் உரமாயின. ஒன்றரை அடி ஆழக் குழியில் மலத்தையும் இட்டு மண்ணால் மூடி எருவாக்கினர், நாற்றமுமில்லை, ஈயுமில்லை. மட்கச் செய்வது நுண்ணுயிர்களின் வேலை என்று நாம் தேர்வில் எழுதுகிறோம். அவர்கள் மூக்கைப் பிடிக்காமல் செய்தே காட்டினர்.

பிள்ளைகள் எல்லோரும் உத்தமர்கள் என்று எண்ண வேண்டா. சிலர், சில நாள் அனைவருமே, வேலைக்கு டிமிக்கி கொடுத்ததுண்டு. காலையெல்லாம் உழைத்துப் பகலுணவுக்குப் பின் பாடம். ஆசிரியரும் மாணவரும் கண்ணில் நீர் தெளித்துக்கொண்டு உறக்கத்தை விரட்டினர். நம் பிற்பகல் வகுப்புகளுக்கு அவ்வளவு உழைத்த சாக்கும் இல்லை! தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்த அத்தமிழ்ச் சிறுவர்க்குத் தமிழ் எழுத்தே தெரியாது. அதைக் கற்பித்தவர் அரைகுறைத் தமிழறிந்த காந்தியடிகள். வெளியூரில் வாழும் நமக்கு இச்செய்தி சற்றே சுடும்.

பாம்புகளைப் பற்றி நூல்கள் தேடிப் படித்து, எல்லாப் பாம்பும் நஞ்சுடையதன்று என்று பண்ணையார்க்கு விளக்கியவர் கல்லென்பாக். ஒரு பெரிய நாகத்தைப் பழக்கித் தம் கையாலேயே உணவூட்டினார். கூண்டில் அடைத்து வளர்ப்பது நட்பாகுமா என்ற ஐயம் காந்தியடிகளுக்கும் அவருக்கும் எழுந்தது. நாகமோ ஒருநாள் தானே தப்பிச் சென்றுவிட்டது.

1913-இல் பண்ணை வாழ்வு முடிந்தது. அவ்வாண்டின் பெரும் நடைப் போராட்டத்தில் கல்லென்பாக்கும் சிறை புகுந்தார். 1914-இல் காந்தியடிகளுடன் இந்தியா வரப் புறப்பட்டு லண்டன் சேர்ந்தார். அதற்குள் போர் மூண்டுவிட்டது. ஜெர்மானியர் என்பதால் அனுமதி மறுத்த பிரிட்டிஷ் அரசு, பின்னர் அவரை மான் தீவில் காவலில் வைத்தது. நண்பரைக் காண 1937-இல்தான் இந்தியா வர முடிந்தது. 1939-இல் மீண்டும் வந்தார்.

1945 மார்ச்சில் ஜோகானஸ்பர்க்கில் மறைந்தார். அவரது சாம்பல் பாலஸ்தீன மண்ணில், டெகானியா என்ற கூட்டுப் பண்ணையில் அடக்கம் செய்யப்பட்டது.