லயத்தை விட்டு ஓடியவர்களின் வைத்தியர்: டாக்டர் இராஜசுந்தரம்

நூறு ஆண்டு காணும் நம் பாடசாலையின் மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று சங்கத்தார் கேட்டபோது, நம் மண்ணில் பிறக்காத ஒருவரைப் பற்றி எழுதத் தீர்மானித்தேன். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வளர்ந்த நம்மில் பலருக்கு வன்னியில் ஒரு பெரியம்மாவோ சித்தப்பாவோ இருக்கிறார். அவர்கள் ஏன் அங்கே போனார்கள், போனபோது யார் கைகொடுத்தார்கள் என்ற கேள்விக்கு விடை தேடினால், வவுனியாவில் வாழ்ந்த டாக்டர் இராஜசுந்தரத்தின் பெயர் வரும்.

அவர் யாருக்காக உழைத்தார் என்பதைச் சொல்ல, நம் கதையிலிருந்து தொடங்க வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமும் 1974இல் அதைத் தொடர்ந்த உடன்பாடும், அவர்களைக் கேட்காமலே, இந்தியாவுக்கு இத்தனை பேர், இலங்கைக்கு இத்தனை பேர் என்று பங்கிட்டன. காணிச் சீர்திருத்தத்தின்போது தோட்டங்கள் கைமாறிய 1970களில், வேலையும் அரிசியும் இல்லாமல் லயங்களில் பட்டினி புகுந்தது. பிழைப்புத் தேடி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் முதலில் நடந்தவர்கள் அந்தப் பசிக்காலத்தவர்களே. 1977 ஓகஸ்டில் வன்செயல் மூண்டபோது பசியோடு பயமும் சேர்ந்தது. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறுசிறு தோட்டங்களாகச் சிதறிக் கிடக்கும் சப்ரகமுவவில், ஓடி ஒளிய றப்பர் காட்டைத் தவிர வேறிடம் இல்லை. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரியிலும் காவத்தையிலும் மறுபடியும் அதே கதை. பொட்டலங்களோடு பலர் வடக்கே போனார்கள்.

அப்படி வந்தவர்களுக்காக வவுனியாவில் திறந்திருந்த கதவுகளில் ஒன்று காந்தீயம். 1970களில் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் டாக்டர் இராஜசுந்தரமும் சேர்ந்து தொடங்கிய தொண்டு அமைப்பு அது. டேவிட் ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரம்பொனைச் சேர்ந்தவர். வெளிநாடுகளில் நகரத் திட்டமிடலில் உயர்பதவி பார்த்துவிட்டு, அதை உதறித் திரும்பியவர். காந்தியின் கிராம நிர்மாணச் சிந்தனை இருவரையும் பிணைத்தது. இராஜசுந்தரம் அமைப்பின் செயலாளராக இருந்து அன்றாட வேலையைச் சுமந்தார். அவருடைய மனைவியும் வைத்தியர்.

வைத்தியத் தொழிலில் இருக்கும் எனக்கு, இந்த இடத்தில்தான் அவருடைய வாழ்க்கை மிகவும் பிடித்துப் போகிறது. வருகிறவர்களுக்குக் காய்ச்சல் மருந்தும் காயத்துக்குக் கட்டும் கொடுத்து அனுப்பியிருக்கலாம். நல்ல வைத்தியர் என்ற பெயருக்கு அதுவே போதும். ஆனால் காந்தீயம் செய்தவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள். முதலில் நிலம்: நாவலர் பண்ணை, கென்ட் பண்ணை, டொலர் பண்ணை போன்ற இடங்களில் குடும்பங்கள் கொட்டில் போட்டுக் குடியேறின. அடுத்தது கிணறும் விதையும் மண்வெட்டியும். கிராமம் கிராமமாகப் போகும் நடமாடும் வைத்திய சேவை. பிறகு பாலர் பாடசாலைகள். அந்தந்த இடத்து இளம் பெண்களையே பயிற்றி ஆசிரியைகளாக்கி, பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் சத்துணவும் கொடுத்தார்கள்.

இதை யாரும் அன்று உளவளத்துணை என்று அழைக்கவில்லை. நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு என்ற சொற்கள் நம் வைத்தியசாலைகளில் புழங்காத காலம் அது. ஆனால், பயந்து ஓடிவந்தவரின் மனம் எதனால் ஆறும் என்று இன்று எங்களுக்குக் கற்பிக்கப்படுவதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட வழிகாட்டி, அனர்த்தத்தில் சிக்கியோருக்கான உளசமூக உதவியை நான்கு படிகளாக வகுக்கிறது. அடிப்படியில் பாதுகாப்பும் உணவும் இருப்பிடமும். இரண்டாம் படியில் குடும்பமும் சமூகமும் திரும்ப ஒன்றுகூடுதல். மூன்றாவதில், பயிற்சி பெற்றவர்கள் அருகிருந்து கேட்டுக் கொடுக்கும் ஆதரவு. உச்சியில்தான், சிலருக்கு மட்டும் தேவைப்படும் உளமருத்துவ சிகிச்சை. கீழ் இரு படிகளையும் காந்தீயம் முப்பது வருடங்களுக்கு முன்பே வவுனியாக் காட்டில் கட்டத் தொடங்கியிருந்தது.

பாலர் பாடசாலையை எடுத்துக்கொள்வோம். இரவில் திடுக்கிட்டு எழும்பி அழும் பிள்ளைக்கு, காலையில் போக ஓரிடமும், பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் அக்காவும், ஒரே நேரத்துக்கு ஒரு கோப்பை உணவும் கிடைத்தால், நாள் என்பது மறுபடியும் நம்பக்கூடியதாகிறது. பிள்ளை சிரித்தால் தாய் மூச்சு விடுகிறாள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொழுந்தும் றப்பர் பாலும் நிறுத்துக் கொடுத்தே பழகிய கை, முதன்முறையாகத் தன் கச்சானைத் தானே பிடுங்கும்போது அந்த மனிதனுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். நாடற்றவன் என்று கடதாசி சொன்னவனுக்கு, நிற்க ஓரிடம் இருக்கிறது என்று மண் சொல்கிறது.

ஆனால் அந்த மண் பாதுகாப்பானதாக இருக்கவில்லை. எல்லைப்புறக் காணிகளில் தமிழர் குடியேறுவதை அரசாங்கம் சந்தேகத்தோடு பார்த்தது. ஆயுத இயக்கங்களோடு தொடர்புள்ளவர்களும் காந்தீயத்தில் பணியாற்றியதால் அந்தச் சந்தேகம் வலுத்தது. 1983 ஏப்பிரலில் இராஜசுந்தரமும் டேவிட்டும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார்கள். தடுப்புக்காவலில் பட்ட துன்பங்களை டேவிட் பின்னாளில் பதிவு செய்தார். கறுப்பு ஜூலை வந்தபோது இருவரும் வெலிக்கடைச் சிறையில் இருந்தார்கள். ஜூலை 25ஆம் திகதி அங்கே 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 27ஆம் திகதி மேலும் 18 பேர். அந்த இரண்டாம் நாளில், தாக்க வந்தவர்களிடம் பேசி நிறுத்த முன்னே போன இராஜசுந்தரம் இழுத்துச் செல்லப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். அந்த 53 கொலைகளுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. டேவிட் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, அதே வருடம் செப்டெம்பரில் நடந்த சிறையுடைப்பில் தப்பி, இந்தியாவில் பல்லாண்டுகள் அகதியாக வாழ்ந்து, 2015இல் நாடு திரும்பி அவ்வருடமே காலமானார்.

பண்ணைகளுக்கு நேர்ந்ததையும் சொல்லாமல் விடமுடியாது. 1984இல் கென்ட், டொலர் பண்ணைகளிலிருந்து மலையகக் குடும்பங்கள் விரட்டப்பட்டன. அங்கே சிங்களச் சிறைக்கைதிகள் குடும்பங்களோடு குடியேற்றப்பட்டார்கள். அவ்வருடம் நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் அவர்களைத் தாக்கிப் பலரைக் கொன்றார்கள். ஏழைகளின் வியர்வையில் திருந்திய நிலம், வேறு ஏழைகளின் இரத்தத்தைக் குடித்தது.

ஏற்கெனவே அடிபட்டவர்களை எல்லையோரத்தில் குடியேற்றியது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வன்னிக்குப் போனவர்கள் அதன்பின் போரின் எல்லாக் கட்டங்களிலும் சிக்கி, திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தார்கள். வடக்கிலும் தோட்டத்தான் என்ற சொல்லைக் கேட்டார்கள். சொந்தக் காணி உறுதி இல்லாத குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு. எனினும், அந்த நாளில் அவர்களுக்கு முன்னிருந்த மற்றத் தெரிவுகள் எவை என்றும் கேட்க வேண்டும். தீ வைத்த லயத்துக்குத் திரும்புவது, அல்லது கண்டிராத இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவது. ஆறுதல் நிலைக்க வேண்டுமானால் உரிமையும் கூட வரவேண்டும் என்பதையே அந்தப் பண்ணைகளின் முடிவு எனக்குச் சொல்கிறது. காணி உறுதி இல்லாமல் கட்டிய வீட்டில் மனம் முழுதாக உறங்காது.

டாக்டர் இராஜசுந்தரத்துக்கு நம் மாகாணத்தில் நினைவுச்சின்னம் தேவையென்று நான் சொல்லவில்லை. அவர் தொடங்கிய வேலை இங்கே முடியவில்லை என்பதே என் எண்ணம். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாளில், புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயமும் மண்ணுக்குள் போனது. அடுத்த வருடம் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. ஒவ்வொரு முறையும் உலர் உணவுப் பொதி வருகிறது. முகாமாக மாறிய பாடசாலை மண்டபத்தில் வரிசை நிற்கிறது. இரண்டு கிழமையில் வாகனங்கள் போய்விடுகின்றன. பிறகு மழை இரைந்தாலே நடுங்கும் பிள்ளையோடு யார் உட்காருகிறார்கள்?

நம் சகோதரிகளில் ஆசிரியைகள், தாதியர், கிராம உத்தியோகத்தர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள் எத்தனையோ பேர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து ஆண்டுதோறும் பணம் அனுப்புபவர்களும் உண்டு. பரிசளிப்பு விழாவுக்கும் மண்டபத்துக்கும் கொடுப்பதோடு, அடுத்த அனர்த்தத்துக்கு முன்பே நம் தோட்டங்களில் பத்து இளம் பெண்களைப் பயிற்றி வைக்கச் சங்கம் முன்வருமானால், அது இந்த நூற்றாண்டுக்குப் பொருத்தமான காரியமாக இருக்கும். பாட்டும் விளையாட்டும் தெரிந்த, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த, எப்போது வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்த பத்துப் பேர் போதும். வவுனியாவில் அந்த வைத்தியரும் அவ்வாறான பெண்களை வைத்துத்தான் தொடங்கினார்.